கைக்குழந்தையோடு அந்தமான்: நம்ம ஊர் டிராவல்ஸ் விற்கும் 5 இரவு பேக்கேஜ் எப்படி?

தர்மபுரி நான்கு ரோட்டில் கேட்டாலும் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் கேட்டாலும் அந்தமான் பேக்கேஜ் என்று வாட்ஸ்அப்பில் வரும் அட்டவணை ஏறக்குறைய ஒன்றுதான். முதல் நாள் போர்ட் பிளேர் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள், பேச்சு வழக்கில் இன்னும் பழைய பெயர்தான்), செல்லுலார் ஜெயில், இரவு ஒலி-ஒளிக் காட்சி. இரண்டாம் நாள் கப்பலில் ஹேவ்லாக், மாலை ராதாநகர் கடற்கரை. மூன்றாம் நாள் எலிபெண்ட் பீச். நான்காம் நாள் நீல் தீவு. ஐந்தாம் நாள் திரும்ப போர்ட் பிளேர், நேரமிருந்தால் ராஸ் தீவு. ஆறாம் நாள் விமானம்.

கல்யாணமான புதிதில் போகிற இருவருக்கு இது நல்ல அட்டவணை. மடியில் எட்டு மாதக் குழந்தை இருந்தால் இதே அட்டவணை ஆளைச் சக்கையாகப் பிழிந்துவிடும். அந்தமான் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாத இடம் என்பதல்ல காரணம். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு நம் நாட்டுத் தீவுகளில் அதைவிட வசதியானது கிடையாது: பாஸ்போர்ட் வேண்டாம், சுற்றுலாத் தீவுகளுக்கு நாம் பர்மிட் எடுக்க வேண்டாம், போர்ட் பிளேரில் எங்கு திரும்பினாலும் தமிழ் பேசுகிறவர்கள், இட்லியும் பருப்பு சாதமும் கிடைக்கும். கோளாறு கப்பல் எண்ணிக்கையில் இருக்கிறது.

ஹேவ்லாக்குக்குத் தனியார் கப்பலில் ஒன்றரை மணி நேரம் என்று அட்டவணையில் போட்டிருப்பார்கள். அது கடலில் ஓடும் நேரம் மட்டும். அந்தமானில் கப்பல் நேரத்துக்கு ஏற்றபடி பல விடுதிகளில் காலை 8 மணி வாக்கிலேயே அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். ஒரு மணி நேரம் முன்னதாக ஜெட்டியில் (படகுத்துறையில்) இருக்க வேண்டும், அடையாள அட்டை சோதனை, பை சோதனை, வெயிலில் வரிசை. இறங்கிய பிறகு வண்டி பிடித்து விடுதிக்குப் போனால் அறை தயாராக மதியம் ஆகலாம். கூட்டிப் பார்த்தால் ஒரு கப்பலுக்கு நான்கைந்து மணி நேரம், அதாவது குழந்தையின் இரண்டு தூக்கமும் ஒரு சாப்பாடும். வழக்கமான பேக்கேஜில் இப்படி மூன்று கப்பல்: போர்ட் பிளேர்–ஹேவ்லாக், ஹேவ்லாக்–நீல், நீல்–போர்ட் பிளேர். நீல் தீவை எடுத்துவிட்டு ஹேவ்லாக்கிலேயே மூன்று இரவு தங்கினால் கப்பல் இரண்டாகக் குறையும், அறை மாற்றுவதும் ஒன்று குறையும். ஏஜென்ட்டிடம் முதலில் கேட்க வேண்டிய மாற்றம் இதுதான். "நீல் போகாம அந்தமான் போன மாதிரியே இருக்காது சார்" என்பார்கள். விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எந்த மாதம்

ஜனவரியிலிருந்து ஏப்ரல் முதல் பாதி வரை. கடல் அமைதியாக இருக்கும், மழை குறைவு. கோடை விடுமுறை ஆஃபர் என்று மே மாதத்துக்கு விற்பதை வாங்காதீர்கள். தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு வருவதற்கு முன்பே, மே மூன்றாம் வாரம் வாக்கில் அந்தமான் கடலைத் தொட்டுவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், பால்மாவு டின் காலியாகிற நேரத்தில் தீவில் மாட்டிக்கொள்வது விளையாட்டல்ல. குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்பதால் விடுமுறைக் கூட்டத்தோடு சேர்ந்து போக வேண்டிய கட்டாயமும் இல்லை. பூஜை விடுமுறை, கிறிஸ்துமஸ்–புத்தாண்டு வாரம் இரண்டையும் தவிர்த்தால் அறை நன்றாகவும் விலை குறைவாகவும் அமையும்.

வயதைப் பொறுத்தவரை, மூன்று மாதத்துக்குள் வேண்டாம். நான்கிலிருந்து எட்டு மாதம் மிகச் சுலபம்: வைத்த இடத்தில் இருக்கும், உணவில் பெரும்பகுதி தாய்ப்பால்தான். தவழ ஆரம்பித்ததிலிருந்து ஒன்றேகால் வயது வரை கஷ்டமான காலம், கையில் கிடைக்கிற மணலும் சிப்பியும் வாய்க்குத்தான் போகும். தடுப்பூசித் தேதியையும் பாருங்கள். 6, 10, 14 வாரம், 9 மாதம் என்று ஊசி போட்டால் ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் வரக்கூடும். ஊசிக்கும் புறப்படுவதற்கும் நடுவில் நான்கைந்து நாளாவது விடுங்கள்.

டிக்கெட்டும் பெயரும்

"ரெண்டு வயசுக்குள்ள ஃப்ரீ" என்று கடையில் சொல்வது பாதி உண்மை. மடியில் உட்காருகிற குழந்தைக்கும் விமான நிறுவனம் ஒரு கட்டணம் வாங்கும், அது பேக்கேஜ் தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டு வயது என்பது திரும்பி வரும் தேதிக்கும் பொருந்தும். பயணத்தின் நடுவில் பிறந்தநாள் வந்தால் திரும்புவதற்குத் தனி இருக்கை எடுத்தாக வேண்டும். ஒரு பெரியவருக்கு ஒரு மடிக்குழந்தைதான் அனுமதி.

வயதுக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் அல்லது குழந்தையின் ஆதார். நம் பக்கத்தில் அடிக்கடி தடுக்குகிற இடம் இது. பேர் வைக்கிற சடங்கு தள்ளிப் போனதால் சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், டிக்கெட்டிலோ வீட்டில் கூப்பிடுகிற பெயரைக் கொடுத்திருப்பார்கள். பிறப்பைப் பதிந்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம், அதன் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு. பிறந்த ஊரின் நகராட்சியிலோ, பேரூராட்சியிலோ, ஊராட்சியிலோ அதை முடித்துவிட்டு, அதே எழுத்துக்கூட்டலில் டிக்கெட் போடுங்கள். கப்பல் டிக்கெட்டிலும் குழந்தையின் பெயர் இருக்க வேண்டும், ஏஜென்ட்கள் மறந்துபோவது பெரும்பாலும் இதைத்தான்.

பெங்களூரா, சென்னையா

பேக்கேஜில் பெரும்பாலும் பெங்களூர் விமானம்தான் போடுவார்கள், கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர்தானே என்று. ஆனால் விமான நிலையம் ஊருக்கு அந்தப் பக்கம், தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூர், அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, ஹெப்பால் என்று நகரத்தை முழுக்கக் கடந்தாக வேண்டும். போர்ட் பிளேர் விமானங்கள் பெரும்பாலும் காலையில் என்பதால் கிருஷ்ணகிரியிலிருந்தே நள்ளிரவு வாக்கில் வண்டி எடுக்க வேண்டிவரும். தர்மபுரி என்றால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்ட குழந்தையோடு விமானம் ஏறுவதைவிட முதல் நாளே போய் தேவனஹள்ளிப் பக்கம் அறை எடுத்துவிடுவது நல்லது.

சென்னை வழி நீளம், ஆனால் எனக்கு அதுவே மேல். மொரப்பூரிலோ ஜோலார்பேட்டையிலோ பகல் ரயில் ஏறினால் குழந்தையைப் படுக்க வைக்கலாம், எழுந்து நடக்கலாம், துணி மாற்றலாம். சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோவிலேயே விமான நிலையம். இரவு அந்தப் பக்கமே தங்கிவிட்டு காலை விமானம், இரண்டேகால் மணி நேரம். எந்த ஊரானாலும் நேரடி விமானமாக இருக்கட்டும். கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறதென்று வேறு ஊரில் நான்கு மணி நேரம் காத்திருக்கிற டிக்கெட்டைப் போட்டுவிடுவார்கள்.

காரில் போனால் குழந்தையை மடியில் வைத்து முன் இருக்கையில் உட்காரக் கூடாது. பின்பக்கம் பார்த்தபடி வைக்கும் குழந்தை இருக்கையைப் பின் சீட்டில் பெல்ட்டால் கட்ட வேண்டும். வாடகைக் காரில் அது இருக்காது, நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

விமானத்தில் காது அடைப்பது ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். தரை தொடுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பே இறங்கத் தொடங்கிவிடுவார்கள், அப்போது பால் கொடுத்தால் விழுங்க விழுங்கக் காது திறக்கும். அதனால் நடுவழியில் வயிறு நிறையக் கொடுத்துவிடாதீர்கள். தூங்கிக்கொண்டிருந்தாலும் அந்த நேரத்தில் எழுப்புவது நல்லது. மூன்று இருக்கை வரிசையில் நான்கு ஆக்சிஜன் முகமூடிதான் இருக்கும், ஒரே வரிசையில் இரண்டு கைக்குழந்தை உட்கார விடாததற்கு அதுதான் காரணம். இரண்டு குடும்பம் சேர்ந்து போகிறவர்கள் முன்பின் வரிசையாக எடுக்கவும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பயணத்தில் தூங்கட்டும் என்று சளி மருந்தோ ஃபெனர்கன் சிரப்போ கொடுக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதில் இருப்பது புரோமெத்தசின். இரண்டு வயதுக்குள் அதைக் கொடுத்தால் மூச்சே அடங்கிப்போகும் ஆபத்து உண்டு. வாந்திக்காக விற்கும் அவோமினும் அதே குடும்பம்தான். இந்த வயதுக் குழந்தைக்குக் கப்பலில் தலைசுற்றல் பெரும்பாலும் வருவதில்லை. வருவது அம்மாவுக்கு. பால் கொடுக்கிற அம்மா எந்த வாந்தி மாத்திரை போடலாம் என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கப்பலில் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கை கேளுங்கள், ஆட்டம் குறைவு. தனியார் கப்பலின் ஏசி நன்றாகக் குளிரும், குழந்தைக்குத் தொப்பியும் ஒரு கனமான துண்டும் கைப்பையில் இருக்கட்டும்.

சூரியனும் தூளியும்

தர்மபுரிக்கும் போர்ட் பிளேருக்கும் கடிகாரம் ஒன்று, சூரியன் வேறு. தீர்க்கரேகையில் 14½ பாகை கிழக்கே இருப்பதால் அங்கே எல்லாம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னால் நடக்கும். ஜனவரியில் மாலை ஐந்தரை வாக்கில் இருட்டத் தொடங்கிவிடும். காலை வெளிச்சம் சீக்கிரம் வருவதால் குழந்தையும் சீக்கிரம் எழுந்துவிடும். அதோடு மல்லுக்கு நிற்காமல், இரவு ஏழு மணிக்கே தூங்க வைத்து, காலை ஏழிலிருந்து எட்டரை வரை கடற்கரைக்கு வைத்துக்கொண்டால் நாள் முழுவதும் அமைதி. ஒலி-ஒளிக் காட்சி இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகும். அது குழந்தை தூங்குகிற நேரம், ஒலிபெருக்கிச் சத்தமும் அதிகம். செல்லுலார் ஜெயிலைப் பகலில், குழந்தையை உடம்போடு கட்டிக்கொண்டு பார்க்கலாம். மாடிப்படிகள் உண்டு, தள்ளுவண்டி உதவாது.

தள்ளுவண்டி கடற்கரை மணலிலும் ஓடாது. துணியால் ஆன நல்ல கேரியர் ஒன்று போதும். குழந்தையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், நெற்றி முத்தம் கொடுக்கும் உயரத்தில் இருக்க வேண்டும், தாடை நெஞ்சில் மடங்கி அழுந்தக் கூடாது.

நம் வீட்டுக் குழந்தைகள் தூளியில் தூங்கிப் பழகியவை. விடுதி அறையில் கொக்கி இருக்காது. மரக் காட்டேஜில் உத்தரம் தெரிகிறதென்று சேலையைக் கட்டித் தொங்கவிடக் கூடாது, அலங்காரத்துக்கு வைத்த பலகை எடை தாங்காது. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே இரவில் மட்டும் பாயில் படுக்க வைத்துப் பழக்குங்கள். அங்கே மெத்தையைத் தரையில் போடச் சொல்லி, குடை மாதிரி விரியும் சின்னக் கொசுவலையை மேலே கவிழ்த்தால் உருண்டு விழுவதும் இல்லை, கொசுவும் இல்லை. அடியில் துணி வைத்த வலையாக வாங்குங்கள், கீழ்ப்பக்கமாகப் பூச்சி உள்ளே புகாது.

மணல் ஈ பற்றி ஏஜென்ட் வாயே திறக்க மாட்டார். ஹேவ்லாக் கடற்கரைகளில் விடியலிலும் அந்தியிலும் இவை கடிக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாது, தடிப்பு நாலைந்து நாள் அரிக்கும். ராதாநகருக்குப் பேக்கேஜ் வண்டி சூரிய அஸ்தமனத்துக்கென்று கூட்டிப்போவது சரியாக அந்த நேரத்தில்தான். மூன்று மணிக்கே கிளம்பி, நாலே முக்காலுக்கு மணலை விட்டு எழுந்துவிடுங்கள். மரநிழல் நிறைய இருக்கிறது, உடை மாற்றவும் இடம் உண்டு. நேராக மணலில் உட்கார வைக்காமல் கனமான பாய் விரித்து, முழுக்கை முழுக்கால் பருத்தி உடை போடுங்கள். அங்கே இருப்பவர்கள் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள், அதில் தவறில்லை. டீட் கலந்த கொசு மருந்து இரண்டு மாதத்துக்குள் கூடாது, லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் கலந்தவை மூன்று வயது வரை கூடாது. ஆறு மாதத்துக்குள் சன்ஸ்கிரீனும் வேண்டாம், நிழல்தான் மருந்து.

கடல் தண்ணீரில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையை இடுப்பளவு வரை நனைக்கலாம், பத்து நிமிடம் போதும். சாதாரண டயப்பர் கடல் நீரை உறிஞ்சி ஊதிவிடும், நீச்சல் டயப்பர் இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, கழுத்து, அக்குள், தொடை மடிப்புகளில் மணலைத் தட்டாமல் நீர் ஊற்றியே எடுக்க வேண்டும். தேய்த்தால் அன்றிரவே புண். நம் வறண்ட வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு அந்த ஈரக் காற்று புதிது, வேர்க்குரு வரும். பவுடர் அப்பாமல் காற்றாட விடுங்கள். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் கழிமுகம், அலையாத்திப் பக்கம் ஓரமாகக்கூடப் போக வேண்டாம்.

எலிபெண்ட் பீச்சை ஒதுக்குங்கள்

ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து ஸ்பீட் போட்டில் போவார்கள். அந்தக் கரையில் முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டிவரலாம், ஒரு கையில் குழந்தை, மறு கையில் படகின் கம்பி. படகில் கொடுக்கும் லைஃப் ஜாக்கெட் பெரியவர்களுக்கானது. சின்னக் குழந்தைக்குப் போட்டுப் பாருங்கள்: தோளைப் பிடித்து மேலே தூக்கினால் ஜாக்கெட் மட்டும் கையோடு வரும், குழந்தை கீழே நழுவும். தண்ணீரில் விழுந்தால் நடப்பதும் அதுதான், ஜாக்கெட் முகத்தை மூடிவிடும். கால் இடுக்கில் மாட்டும் பட்டையும், தலையைத் தாங்கும் கழுத்துப் பட்டையும் உள்ள, குழந்தையின் எடை அச்சிட்ட ஜாக்கெட் இல்லையென்றால் ஏற வேண்டாம். நீச்சலும் பவளப்பாறையும் பார்க்க ஆசை இருந்தால் ஒருவர் போகட்டும், ஒருவர் அறையில் இருக்கட்டும். பாட்டியைக் கூட்டிப்போவது இங்கேதான் கைகொடுக்கும்.

சில கடைகள் கூடுதல் நாள் என்று பாராடாங் தீவைச் சேர்ப்பார்கள். அதையும் எடுத்துவிடுங்கள். ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து ஜாரவா பழங்குடியினர் காப்புப் பகுதி வழியாக வண்டிகளை வரிசையாகத்தான் அனுப்புவார்கள், நடுவில் நிறுத்த அனுமதி இல்லை. குழந்தை வாந்தி எடுத்தாலும் வண்டி நிற்காது. முதல் வரிசையைப் பிடிக்க அதிகாலை மூன்று நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும்.

சாப்பாடும் மருந்தும்

ஆறு மாதத்துக்கு முன் தாய்ப்பால் போதும், தண்ணீரும் வேண்டாம். அதற்கு மேல் என்றால் முளைகட்டிய கேழ்வரகு மாவு அரைக் கிலோ எடுத்துப் போங்கள். சாதாரண மின் கெட்டிலில் கூழ் காய்ச்சினால் அடிப்பிடித்து கெட்டில் பாழ். ஒரு லிட்டர் பயண மல்டி குக்கர் வாங்குங்கள், அதிலேயே பருப்பு சாதமும் குழைய வேகும், பாட்டிலும் கொதிக்க வைக்கலாம். பால்மாவு கொடுக்கிற குழந்தைக்குப் பயணம் முழுவதற்கும் வேண்டிய டின்னோடு ஒரு டின் அதிகம், ஹேவ்லாக்கில் உங்கள் பிராண்டு கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். டயப்பரும் அப்படியே: ஆறு மாதத்துக்குள் நாளுக்கு எட்டு, அதற்கு மேல் ஆறு, இரண்டு நாளுக்கு உபரி. மீன், இறால், நண்டு இதுவரை கொடுத்ததில்லை என்றால் அங்கே தொடங்க வேண்டாம். ஒவ்வாமை வந்தால் பெரிய மருத்துவமனை கடலுக்கு அந்தப் பக்கம்.

ஏனென்றால் ஹேவ்லாக்கில் இருப்பது முதலுதவி அளவுக்கான சிறிய அரசு மருத்துவமனை. முடியாததைப் போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள். மருந்துப் பையில் ஓஆர்எஸ் பாக்கெட் ஐந்து, உறையில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று இருக்க வேண்டும், ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். தெர்மாமீட்டர். பாராசிட்டமால். இதில்தான் தவறு நடக்கும்: சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லியில் 120 அல்லது 250. ஊரில் சிரப் கொடுத்த அளவை நினைவில் வைத்துக்கொண்டு அங்கே சொட்டு மருந்தை அதே மில்லியில் ஊற்றினால் இரண்டு முதல் நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். டாக்டரிடம் குழந்தையின் இன்றைய எடைக்கு எத்தனை மில்லி என்று அந்தப் பாட்டிலின் மேலேயே எழுதி வாங்கி, அதே பாட்டிலைக் கொண்டுபோங்கள். மூன்று மாதமோ அதற்குக் குறைவோ ஆன குழந்தைக்கு 100.4 டிகிரியைத் தொட்டாலே வீட்டு வைத்தியம் வேண்டாம், நேராக மருத்துவமனை.

எங்கள் மதிப்பீடு: விமானம், அறை, வண்டி ஏற்பாட்டுக்கு 5-க்கு 4. குழந்தைக்கு ஏற்றபடி அட்டவணை போடுவதில் 5-க்கு 2. ஹேவ்லாக்கில் மூன்று இரவு, முன்னும் பின்னும் போர்ட் பிளேரில் ஒவ்வோர் இரவு, எலிபெண்ட் பீச் கழித்து என்று மாற்றிக் கொடுக்கிற கடையில் வாங்குங்கள். கடைசி இரவு கட்டாயம் போர்ட் பிளேரில்தான் இருக்க வேண்டும், கப்பல் நின்றாலும் விமானத்தைப் பிடிக்க ஒரு நாள் கையில் இருக்கும். முன்பணம் கட்டுவதற்கு முன் இவற்றுக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் பதில் வாங்குங்கள்: கப்பல் ரத்தானால் கூடுதல் இரவுக்கு யார் பணம், அறை தரைத்தளமா, வெந்நீர் உண்டா, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஃபேனாவது ஓடுமா, குழந்தை பெயர் கப்பல் டிக்கெட்டில் ஏறியதா. வாய்ப்பேச்சாகச் சொல்லி எழுத மறுக்கிற கடையை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள், நான்கு ரோட்டில் கடைக்குப் பஞ்சமில்லை.